ரெட் ஆக்சைடு தரை: பொடி வாங்குவதிலிருந்து மெருகு ஏற்றும் வரை

செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தைச் சுற்றியுள்ள சிவப்புத் தரை முதல் சாதாரண ஓட்டு வீட்டுத் திண்ணை வரை, அந்தச் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. வேதியியல் பெயர் பெர்ரிக் ஆக்சைடு. வெயில் பட்டு வெளுக்காது, சிமென்ட், சுண்ணாம்பின் காரத்துக்கு அசையாது, தீப்பிடிக்காது. இவ்வளவு உறுதியான பொடி இருந்தும் இன்றைக்குப் போடும் சிவப்புத் தரைகளில் பல, ஓராண்டுக்குள் திட்டுத்திட்டாக வெளுத்தும் முடி வெடிப்பு விட்டும் போகின்றன. குற்றம் பெரும்பாலும் நிறத்தில் இல்லை. கலப்படப் பொடி, அளவுக்கு மீறிய பொடி, அவசரமாக உலர்ந்த தரை, இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும். உடல்நலத்துக்கும் இதே கதைதான். இரும்பு ஆக்சைடை விட அதன் தூசியும், கூடவே வரும் சிமென்ட்டும், கலப்படமாக வரும் ஈயமும் குரோமியமுமே ஆபத்து.

பொடியைத் தேர்ந்தெடுப்பது

கடையில் இரண்டு வகை கிடைக்கும். மண்ணிலிருந்து எடுத்து அரைத்த இயற்கைக் காவி ஒன்று. ஆலையில் தயாரித்த செயற்கை ஆக்சைடு இன்னொன்று. தரைக்குச் செயற்கை ஆக்சைடே நல்லது. அதில் பெர்ரிக் ஆக்சைடு 95 சதவீதத்தை ஒட்டி இருக்கும், துகள் ஒரே சீராக ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருக்கும், கொஞ்சம் போட்டாலே நிறம் பிடிக்கும். காவியில் களிமண்ணும் மணல் துகளும் உண்டு. களிமண் தண்ணீரைக் குடித்து, உலரும்போது சுருங்கித் தரையை வெடிக்க வைக்கும். காவியைக் கோலத்தின் ஓரப்பட்டைக்கும் கோயில் மதிலுக்கும் விட்டுவிடுங்கள்.

மூட்டையில் ‘சிமென்ட்டுக்கு ஏற்றது’ என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். தொகுதி எண்ணும் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்கு வேண்டியதை ஒரே தொகுதியில் வாங்குங்கள். சாயம் ஏற்றிய சுண்ணாம்புப் பொடியும் செங்கல் தூளும் ரெட் ஆக்சைடு என்ற பெயரில் உதிரியாக விற்கப்படுவது உண்டு. வாங்கும் முன் 50 கிராம் மாதிரி கேட்டு வீட்டிலேயே சோதித்துவிடலாம்.

ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி பொடியைக் கலக்கி இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் பொடி அடியில் படிந்து, மேல் தண்ணீர் நிறமில்லாமல் தெளிந்திருக்க வேண்டும். தண்ணீர் ரோஸ் நிறமாக நின்றால் அது சாயம். அடுத்து, தனிக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகைப் பொடி மீது நான்கைந்து சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புப் பொடி கலந்திருக்கிறது. மூன்றாவது கிண்ணத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்பு ஆக்சைடு அப்படியே நிற்கும், சாயம் வெளுக்கும். வினிகரும் பிளீச்சும் எக்காரணம் கொண்டும் ஒரே கிண்ணத்தில் சேரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

கறுப்புத் தரைக்கான பொடிக்கு இன்னொரு சோதனை. காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பொடிக்கு அருகே கொண்டுபோங்கள். கறுப்பு இரும்பு ஆக்சைடு தாவி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் அது கரிப்புகைப் பொடி; கலக்கும்போது தண்ணீரில் மிதக்கும், நாளடைவில் தரையிலிருந்து கழன்று போகும். சிவப்புப் பொடிக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அது காந்தத்தில் குறிப்பிடும்படி ஒட்டாது. மஞ்சளும் இரும்பு ஆக்சைடுதான், ஆனால் அதன் மூலக்கூற்றில் நீர் உண்டு. சூடேற்றினால் நீர் போய்ச் சிவப்பாக மாறும். பச்சை மட்டும் இரும்பு அல்ல, அது குரோமியம் ஆக்சைடு. மலிவான பச்சை என்றால் சாயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அளவு: சட்டியால் அல்ல, தராசால்

பல கொத்தனார்கள் மூன்று சட்டி சிமென்ட்டுக்கு ஒரு சட்டிப் பொடி என்று போடுகிறார்கள். எடையில் பார்த்தால் இது சிமென்ட்டில் 20 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். நிறமி சிமென்ட்டின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். சி979 தரநிலை. தாண்டினால் நிறம் கூடுவதில்லை. பொடி தானாக இறுகாது, சிமென்ட்தான் அதைப் பிடித்துவைக்கிறது. பொடி மிகுந்தால் தண்ணீர் அதிகம் கேட்கும், பூச்சு பலமிழக்கும், நடக்கும் பாதத்தில் சிவப்பு ஒட்டும். 50 கிலோ மூட்டைக்கு 4 கிலோ, அதாவது 8 சதவீதம், நல்ல ஆழ்ந்த சிவப்பைத் தரும். மேல்வரம்பு 5 கிலோ.

10 அடிக்கு 12 அடி அறையை எடுத்துக்கொள்வோம்.

அடிக்கலவை 25 மில்லிமீட்டர் கனம், 1 பங்கு சிமென்ட்டுக்கு 3 பங்கு மணல்: சிமென்ட் சுமார் இரண்டரை மூட்டை, மணல் சுமார் 10 கன அடி.
மேல்பூச்சு 3 மில்லிமீட்டர் கனம்: சிமென்ட் 1 மூட்டை, ரெட் ஆக்சைடு 4 கிலோ, தண்ணீர் 18 முதல் 20 லிட்டர்.

அறையை நீளத்தில் மூன்றாகவும் அகலத்தில் மூன்றாகவும் பிரித்தால் ஒன்பது கட்டங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் 6 கிலோ உலர் கலவையும் ஏறத்தாழ 2.1 லிட்டர் தண்ணீரும். தண்ணீரையும் அளவு ஜாடியில் அளந்தே ஊற்ற வேண்டும். ஒரு கட்டத்துக்கு அரை லிட்டர் கூடினாலே அந்தக் கட்டம் பக்கத்துக் கட்டத்தை விட வெளிறி நிற்கும். பின்னால் எந்த மெருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

சிவப்புக்கும் கறுப்புக்கும் சாதாரணச் சாம்பல் சிமென்ட் போதும். மஞ்சளுக்கு வெள்ளைச் சிமென்ட் வேண்டும், இல்லாவிட்டால் பாசி படர்ந்த மாதிரித் தெரியும். கோடையில் பி.பி.சி. சிமென்ட் (நிலக்கரிச் சாம்பல் கலந்து வரும் வகை) வசதி: மெதுவாக இறுகுவதால் தேய்க்க நேரம் கிடைக்கும், சுண்ணாம்பு வெளுப்பும் குறைவு.

ஒரு அடிச் சதுரத்தில் மாதிரி போட்டு ஒரு வாரம் நனைத்து, நன்றாக உலரவிட்ட பிறகு நிறத்தை முடிவு செய்யுங்கள். ஈரத்தில் தெரியும் சிவப்பு உலர்ந்ததும் பல படி வெளுத்துவிடும்.

கலக்கும்போது தூசி

உடல்நலம் பற்றிய கவனம் முழுக்க வேண்டிய இடம் இது. இந்தத் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. வாயில் கட்டிய துண்டு இவற்றைத் தடுக்காது. சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். மூக்கின் மேல் உள்ள கம்பியை அழுத்தி, தாடியில்லாத முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். பக்கவாட்டில் மூடிய கண்ணாடியும் அவசியம்.

இரும்புத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களின் நுரையீரலில் அது படிந்து எக்ஸ்ரேயில் புள்ளிகளாகத் தெரியும். சிடரோசிஸ் என்று பெயர். வெல்டிங் தொழிலாளர்களிடம் அதிகம் காணப்படுவது. தனியாக இது பெரிய பாதிப்பு தருவதில்லை. ஆனால் கட்டுமான இடத்தில் தூசி தனியாக வருவதில்லை. காவியிலும் எம்-சாண்டிலும் இருக்கும் சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கிவிடும், அது திரும்பிச் சரியாவதில்லை. ‘வெறும் காவிதானே’ என்று கவசத்தைக் கழற்றக்கூடாது என்பது இதனால்தான்.

சிமென்ட்டையும் பொடியையும் தரையில் கொட்டி மண்வெட்டியால் புரட்டினால் அறை முழுக்கச் சிவப்பாகும், நிறமும் சீராகக் கலக்காது. அதைவிட நல்ல வழி: மூடி இறுக்கமாகப் பொருந்தும் 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் சிமென்ட்டையும் பொடியையும் மாறி மாறி அடுக்காகப் போட்டு, கழுவி உலர்த்திய பத்துப் பதினைந்து கூழாங்கற்களைச் சேர்த்து மூடி, படுக்கப் போட்டு இரண்டு பேராக 15 நிமிடம் உருட்டுங்கள். கட்டிகள் உடைந்துவிடும். பிறகு தூசி அடங்க ஐந்து நிமிடம் விட்டு மூடியைத் திறக்க வேண்டும். பொடி மூட்டையை உயரத்திலிருந்து கவிழ்க்காமல், வாயை டிரம்முக்குள்ளேயே வைத்துக் கத்தரித்து மெல்லச் சரியவிடுங்கள். மின்விசிறி ஓடக்கூடாது.

கலந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு பிடியை வெள்ளைத் தாளில் வைத்துக் கரண்டியின் தட்டையால் அழுத்தி இழுங்கள். இழுத்த தடத்தில் அடர் சிவப்புக் கோடோ சாம்பல் கோடோ தெரிந்தால் இன்னும் உருட்ட வேண்டும். ஒரே நிறமாக, கோடில்லாமல் வழுவழுவென்று இருந்தால் போதும். தாளில் தெரியும் கோடு தரையிலும் அப்படியே தெரியும். முழு அறைக்கும் வேண்டியதை ஒரே தடவையில் உலர்வாகக் கலந்துவைத்து, தண்ணீர் மட்டும் கட்டம் கட்டமாகச் சேருங்கள்.

போடும் நாள்

தரைக்கு அடியில் நன்றாக இறுகிய கான்கிரீட் இருக்க வேண்டும். அதைக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, முந்தின நாள் இரவு முழுக்க ஈரமாக வையுங்கள். போடும் நேரத்தில் ஈரம் இருக்கலாம், தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது. கட்டங்களுக்கு இடையில் கண்ணாடிப் பட்டையோ பித்தளைப் பட்டையோ 28 மில்லிமீட்டர் உயரத்தில் ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். சிமென்ட் சுருங்குவது இயல்பு. அந்தச் சுருக்கம் பட்டையோரத்தில் முடிந்துவிட்டால் நடுத்தரை தப்பிக்கும்.

சன்னல் கதவுகளை மூடுங்கள். வேலை காலையில் தொடங்கி அன்றே முடிய வேண்டும். அடிக்கலவையை இன்று போட்டு மேல்பூச்சை நாளைக்குப் பூசலாம் என்று தள்ளினால் இரண்டும் ஒட்டாது, ஆறு மாதத்தில் தட்டினால் டொக் டொக்கென்று ஓசை வரும்.

அடிக்கலவையை விரித்து மட்டப்பலகையால் இழுத்து, மணியாசு கட்டையால் (தேய்ப்பதற்கான மரப்பலகை) சொரசொரப்பாக விடுங்கள். எப்போது மேல்பூச்சு பூசுவது என்பதைக் கடிகாரம் சொல்லாது, கட்டை விரல் சொல்லும். அழுத்தினால் இலேசான தடம் விழ வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக்கூடாது, விரலில் கலவை ஒட்டக்கூடாது. வெயில் நாளில் ஒரு மணி நேரத்தில் இந்த நிலை வரும், மழைக்காலத்தில் மூன்று மணி நேரம்கூட ஆகும்.

மேல்பூச்சைத் தோசை மாவை விடக் கெட்டியாகக் கரைத்து, அரை மணி நேரத்துக்குள் தீரும் அளவே எடுத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம், மணலில்லாத சிமென்ட் தடித்தால் வெடிக்கும். முதல் தேய்ப்பில் ஸ்டீல் கரண்டியால் பரப்பி அழுத்துங்கள். மேலே மினுங்கும் தண்ணீர் மறைந்த பிறகு இரண்டாவது தேய்ப்பு. மூன்றாவது, கரண்டி ஓடும்போது உரசும் ஓசை கூர்மையாகக் கேட்கும் நேரத்தில், கரண்டியைச் சற்றுச் சாய்த்து அழுத்தமாக. இந்த மூன்றாவது தேய்ப்பில்தான் பளபளப்பு பிறக்கிறது. கைக்கு இறுகிவிட்டதென்று தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் அந்த இடம் வெள்ளையாகும். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று வெறும் சிமென்ட் தூவினால் அங்கே வலைப்பின்னல் போல வெடிக்கும். இறுகிய பிறகும் விடாமல் தேய்த்தால் கரண்டியின் இரும்பு கறுப்புத் தீற்றல் விடும்.

ஈரச் சிமென்ட் மீது வெறும் முழங்காலில் உட்காராதீர்கள். அதன் காரம் எரிச்சல் தெரியாமலே தோலைப் புண்ணாக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். பலகை போட்டு, ரப்பர் கையுறையும் முழங்கால் உறையும் அணியுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தண்ணீர் கட்டுவது

பூசிய மறுநாள், நகம் பதியாத அளவு இறுகியதும், ஓரங்களில் மண் வரப்புக் கட்டி இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்துங்கள். வரப்பு மண் தரையில் கறை விடாதிருக்க அடியில் பாலித்தீன் பட்டை வையுங்கள். ஏழு நாள் குறையாமல், பத்து நாள் என்றால் நல்லது. தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். பாதி நனைந்து பாதி உலர்ந்து மாறினால் உள்ளிருந்து சுண்ணாம்பு மேலே வந்து வெள்ளை பூக்கும். புதுச் சாக்கு, வைக்கோல் இரண்டும் வேண்டாம், பழுப்புச் சாறு இறங்கித் தரையில் நிற்கும். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் கடைசி நாள் மட்டுமாவது நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.

மெருகு

பத்து நாள் கழிந்து, தரையை உலரவிட்டு, நுண்ணிய சாணைக்கல்லால் தண்ணீர் விட்டு வட்டமாகத் தேய்க்கலாம். ஈரத்தில் தேய்ப்பதால் தூசி எழாது, சேறு மட்டும் வரும். அதை உடனே வழித்துவிட வேண்டும். எண்ணெய்க்கு அவசரப்படாதீர்கள். காரம் அடங்காத புதுச் சிமென்ட்டில் எண்ணெய் சோப்பாக மாறி மங்கலாகப் படியும், 28 நாள் பொறுக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். அது தானாக உலர்ந்து இறுகும் எண்ணெய் அல்ல, எனவே மிக மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடத்தில் வெறும் துணியால் முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். மிச்சம் விட்டால் அழுக்கு ஒட்டும். ஆளி விதை எண்ணெய் இறுகும், நீடித்து நிற்கும். ஆனால் அதில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். துணியை விரித்து வெளியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள். மெழுகு பாலிஷில் டர்பன்டைன் இருந்தால் அடுப்பையும் விளக்கையும் அணைத்த பிறகே பூச வேண்டும்.

தினப்படி வெறும் தண்ணீரால் துடைத்தால் போதும். கழிப்பறை கழுவும் அமிலத்தை இந்தத் தரைக்கு ஒருபோதும் காட்டாதீர்கள், சிமென்ட்டை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் சிந்தினால் அப்போதே துடைக்க வேண்டும்.

மிச்சப் பொடியும் கழுவு நீரும்

சிந்திய பொடி மீது தண்ணீர் ஊற்றினால் சுவரின் துளைகளுக்குள் இறங்கிவிடும், பிறகு போகாது. ஈர மரத்தூளைத் தூவி மெல்ல அள்ளி, பின்பு ஈரத் துணியால் துடையுங்கள். உலர் துடைப்பம் வேண்டாம். துணியில் பட்டதை முதலில் வெளியே உதறி, தனி வாளியில் துவைக்கவும்.

கரண்டி, பாண்டு எல்லாவற்றையும் ஒரு டிரம் தண்ணீரில் கழுவுங்கள். இரவு முழுக்கத் தெளியவிட்டால் மேல் தண்ணீரை அடுத்த நாள் நிறம் சேர்க்காத சாதாரணச் சிமென்ட் கலவைக்குப் பயன்படுத்தலாம், அடியில் உள்ள சேற்றைச் சிமென்ட்டோடு இறுகவிட்டு நிரப்புக் கல்லாகப் போட்டுவிடலாம். சாக்கடையிலோ கிணற்று ஓரத்திலோ ஊற்றக்கூடாது. ஒரு கைப்பிடிப் பொடி ஒரு தொட்டியையே சிவப்பாக்கும்.

மிச்சப் பொடியை ஈரமில்லாத இடத்தில், இறுக மூடிய டப்பாவில், பெயர் எழுதி வையுங்கள். கறுப்பு, மஞ்சள் பொடிகளை அடுப்புக்கும் வெயில்படும் தகரக் கொட்டகைக்கும் தள்ளி வைக்க வேண்டும். அலுமினியப் பொடியோ சில்வர் பெயின்ட் பொடியோ இருந்தால் வேறு அறைக்கு மாற்றுங்கள். அலுமினியமும் இரும்பு ஆக்சைடும் கலந்து தீப்பொறி பட்டால் இரும்பை உருக்கும் வெப்பம் எழும், தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது. கட்டுமானப் பொடியை ரங்கோலிக்கும் குங்குமத்துக்கும் எடுக்காதீர்கள். அதில் ஈயமும் ஆர்சனிக்கும் எவ்வளவு என்று தோலுக்கும் வாய்க்குமான அளவுகோலில் யாரும் பார்ப்பதில்லை. சிவப்பாக இருப்பதெல்லாம் இரும்பும் அல்ல: ஈயச் செந்தூரம் பார்வைக்கு ஆரஞ்சு கலந்த சிவப்பு, கையில் எடுத்தால் கனம், உடலுக்கு நஞ்சு.

சன்னல் கம்பிக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் தனி விஷயம். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2074 வகைப் பிரைமரில் துருவைத் தடுக்கச் சிங்க் குரோமேட் சேர்க்கிறார்கள், அது புற்றுநோய் தரக்கூடிய குரோமியச் சேர்மம். பழைய கிரில்லைத் தேய்க்கும்போது உலர் உப்புத்தாளும் கிரைண்டரும் வேண்டாம். தண்ணீர் தொட்ட உப்புத்தாளால், முகக்கவசத்தோடு, வீட்டுக்கு வெளியே, கீழே விரிப்புப் போட்டுத் தேய்த்து, விரிப்போடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பழைய தரையில் ஒட்டுப்போட

முடி வெடிப்புக்கு மட்டும் என்றால், உலர் கலவையில் ஒரு தேக்கரண்டி எடுத்துத் தண்ணீரும் சிறிது அக்ரிலிக் பாலும் (சிமென்ட் நன்றாக ஒட்டச் சேர்க்கும் பால் போன்ற திரவம்) சேர்த்துக் குழைத்து, வெடிப்பை ஈரமாக்கி விரலால் தள்ளி, உடனே ஈரப் பஞ்சால் துடைக்கலாம். இதற்காகவே முதல்நாள் கலந்த உலர் கலவையில் அரைக் கிலோவைக் காற்றுப் புகாத பாட்டிலில் எடுத்து வையுங்கள், ஆறு மாதத்துக்குள் பயன்படும். பாதமளவு பெயர்ந்திருந்தால் புதுத் திட்டின் நிறம் பழையதோடு சேராது. அந்தக் கட்டம் முழுவதையும் பட்டைவரை பெயர்த்து எடுத்து மறுபடி போடுவதே கண்ணுக்கு ஒழுங்காக இருக்கும். பெயர்க்கும்போதும் தண்ணீர் தெளித்தபடி, கவசத்தோடு.